தங்கவயலின் செவிகள்: ஓசை ஒன்றே காரணமா?

கோலார் தங்கவயலில் ஒருவருக்குக் காது மந்தம் என்றால் அதன் காரணத்தை எவரும் நெடிது ஆராய்வதில்லை. அவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அல்லது சுரங்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லி விசாரணையை முடித்துக்கொள்வர். இவ்வழக்கம் ஆதாரமின்றித் தோன்றியதன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குத் தொழிலை மேற்கொண்ட பின்னர் சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், மைசூர் முதலிய சுரங்கங்கள் ஆண்டுதோறும் ஆழமாகிக்கொண்டே சென்றன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கண்டது. வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் அங்கே காற்றழுத்தத் துளைப்பொறிகளைக் கையாண்டனர். அத்தகைய பொறியின் ஓசை, அதைப் பிடித்து நிற்பவரின் செவியில் 100 டெசிபெல்லைத் தாண்டும். குறுகிய பாறை வழியில் அது எதிரொலித்து மேலும் பெருகும். வெடிமருந்தின் அதிர்ச்சியும், அழுத்தம் தாளாது பாறையே தானாக வெடிக்கும் விபத்தும் இதனோடு சேர்ந்தன. செவி கெடுவதற்கு இவை போதுமான காரணங்களே.

ஆயினும் அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டன. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் ஏற்று, 1972 முதல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி என்ற பெயரில் நடந்துவந்த தொழில் அன்றோடு நின்றது. இன்று ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளில் ஒருவரேனும் கூண்டில் ஏறிச் சுரங்கத்துள் இறங்கியதில்லை; அவர்தம் தாய் தந்தையரிலும் பெரும்பாலோர் இறங்கியதில்லை. சுரங்கம் போய்விட்டது, சுரங்கத்தைக் காரணமாகக் காட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. பாட்டனாருக்குப் பொருந்திய விளக்கத்தைப் பேரனுக்கும் சார்த்திவிடுவதால், அப்பிள்ளையின் செவியைக் கெடுத்த உண்மைக் காரணம் மறைந்துபோகிறது. அக்காரணங்களுள் முதன்மையான சிலவற்றை வைரஸ் நோய்களிடையே தேடவேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படும் கருத்து.

உட்செவியின் அமைப்பைச் சற்று அறிந்துகொண்டால் இக்கருத்து எளிதில் விளங்கும். செவிப்பறையின் அதிர்வை நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள் உள்ளே கொண்டுசெல்கின்றன. அங்கே, உடலின் மிகக் கடினமான எலும்பினுள், நத்தையின் ஓடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியா என்னும் குழல் இருக்கிறது. நிமிர்த்தினால் ஏறத்தாழ மூன்றரைச் சென்டிமீட்டர் நீளமே இருக்கும் அதனுள் சுமார் 15,000 மயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. திரவத்தில் எழும் அலை இவற்றின் நுனியிலுள்ள நுண்மயிர்களை அசைக்க, அவ்வசைவு மின் குறிப்பாக மாறி நரம்பின் வழியே மூளையை அடைகிறது. அத்திரவம் பொட்டாசியம் மிகுந்தது. அதைச் சுரந்து, மின்னழுத்தம் குன்றாமல் காப்பது குழலின் பக்கச்சுவரில் உள்ள, இரத்த நாளங்கள் செறிந்த ஒரு மெல்லிய திசு. மயிரணுக்களை விளக்குகள் என்று கொண்டால் இத்திசுவை மின் நிலையம் எனலாம். காக்ளியாவை ஒட்டி மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு; உடலின் சமநிலையை உணர்வது அவற்றின் வேலை. செவிக்கும் தலைச்சுற்றலுக்கும் உள்ள தொடர்பு இந்த அண்டைவீட்டு உறவால் ஏற்பட்டதே.

இவ்வமைப்பில் ஒரு குறை உண்டு. தோலில் காயம்பட்டால் புதுத்தோல் வளர்கிறது. பறவைகளின் உட்செவியில் இறந்த மயிரணுவுக்கு ஈடாகப் புதியது தோன்றுகிறது. மனிதச் செவியில் அவ்வாறு நிகழ்வதில்லை. பிறவியில் கிடைத்த மயிரணுக்களே ஆயுள் முழுவதற்கும் உரிய கையிருப்பு.

பொறியின் ஓசை இக்கையிருப்பைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. முதலில் 4,000 அதிர்வெண்ணை ஒட்டிய உயர்ந்த ஒலிகளை உணரும் பகுதி தேய்கிறது. பெரும்பாலும் இரு செவிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் கெடுகின்றன. கேடு முற்றப் பல ஆண்டுகள் ஆகின்றன. வைரஸின் வழி வேறு. அது இரத்தத்தின் மூலமாகவோ, மூளையைச் சூழ்ந்த நீரின் மூலமாகவோ, நரம்பின் மூலமாகவோ உட்செவியை அடைகிறது. சில வைரஸ்கள் மின் நிலையத்தை ஒத்த அத்திசுவைத் தாக்கும். சில மயிரணுக்களையே அழிக்கும். சில நரம்பை வீங்கச்செய்யும். ஆண்டுக்கணக்கில் ஓசை செய்யும் வேலையை இவை சில நாட்களில், சில வேளை ஓர் இரவில் முடித்துவிடுகின்றன. பெரும்பாலும் கெடுவது ஒரு செவி. உயர்ந்த ஒலி தாழ்ந்த ஒலி என்ற வேறுபாடின்றிக் கேட்கும் திறன் முழுதும் போவதும் உண்டு. தலைச்சுற்றலும் வாந்தியும் கூடவே வரலாம். ஆகவே ஒருவரின் குறையை விசாரிக்கும்போது, மெல்ல வந்ததா, திடீரென வந்ததா. இரு காதுமா, ஒரு காதா என்ற இரண்டு கேள்விகளே பாதி வழியைக் காட்டிவிடும். அருகில் வெடித்த வெடியும் ஒரு செவியைத் திடீரெனக் கெடுக்கலாமாகையால் அதையும் கேட்டறிய வேண்டும்.

இவ்வைரஸ் நோய்களில் தங்கவயலின் நினைவுக்கு முதலில் வரவேண்டியது புட்டாளம்மை. தமிழ் மக்கள் இதனைப் பொன்னுக்கு வீங்கி என்பர். கன்னம் வீங்கிய பிள்ளையின் கழுத்தில் பொற்சங்கிலி அணிவித்தால் வீக்கம் வடியும் என்னும் நம்பிக்கையிலிருந்து வந்த பெயர் அது. பாறையைக் குடைந்து நாட்டுக்கே பொன் எடுத்துத் தந்தவர்களின் லைன் வீடுகளில், பிள்ளைக்கு அணிவிக்க ஒரு சங்கிலியை அண்டை வீட்டில் இரவல் கேட்கவேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். சங்கிலியால் தீங்கில்லை, பயனும் இல்லை. வீக்கம் ஒரு வாரம் பத்து நாளில் தானே வடிகிறது. வடிந்ததும் சங்கிலியைக் கழற்றி, பிள்ளை குணமடைந்தது என்று பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதே நாட்களில் அதன் ஒரு செவி அடியோடு அவிந்திருக்கக்கூடும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. பிள்ளையும் சொல்வதில்லை, மற்றொரு செவி நன்றாக இருப்பதால் அதற்கே தெரிவதில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தொலைபேசியை மறு காதில் வைக்கும்போதுதான் வெளிப்படுகிறது. அப்போது காரணம் கேட்டால் பழைய கன்னவீக்கம் எவர் நினைவிலும் இராது.

இது அரிதினும் அரிது என்றே நெடுங்காலம் எண்ணிவந்தனர். பழைய நூல்கள் புட்டாளம்மை கண்ட 20,000 பேரில் ஒருவருக்கே செவி கெடும் என்று எழுதின. ஜப்பானிய மருத்துவர்கள் சிறுவர்களைப் பின்தொடர்ந்து செவியைச் சோதித்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு வேறாக இருந்தது. புட்டாளம்மை கண்ட சுமார் 7,400 சிறுவர்களில் 7 பேருக்கு ஒரு செவி கெட்டிருந்தது. அதாவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர். நோய் மாறவில்லை, தேடியவர்கள் ஒவ்வொரு காதாகத் தேடினார்கள், அவ்வளவே. இந்திய நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் இறுதியிலும் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கேரளம், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களில் புட்டாளம்மை பெருகியது. நெருக்கமான குடியிருப்புகளும், மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் நிரம்பி வழிந்து செல்லும் ரயில்வண்டிகளும் உள்ள ஊருக்கு, இருமல் துளியால் பரவும் நோய் எத்தனை எளிதில் வந்துசேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கருவிலேயே செவியைக் கெடுப்பவை இன்னும் கொடியவை. ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ருபெல்லா, தாய்க்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் சிறு தடிப்புமாக வந்து போய்விடும். கருவுற்ற முதல் மாதங்களில் அது வந்தால், பிறக்கும் குழந்தையின் கண், இதயம், செவி மூன்றும் பழுதாகலாம். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941ஆம் ஆண்டில், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார் கருவுற்றிருந்தபோது இந்நோய் கண்டவர்கள் என்பதைக் கவனித்து முதன்முதலில் எடுத்துக்காட்டினார். அமெரிக்க நாட்டில் 1964, 1965ஆம் ஆண்டுகளில் ருபெல்லா பரவியதன் விளைவாகச் சுமார் 20,000 குழந்தைகள் இவ்வகைப் பிறவிக் கேடுகளோடு பிறந்தன. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது கேளாமையே. சைட்டோமெகலோ வைரஸ் என்பது மற்றொன்று. பரம்பரைக் காரணங்களை நீக்கிப் பார்த்தால் பிறவிக் கேளாமைக்கு உலகெங்கும் முதற்காரணம் இதுவே. இதில் ஒரு சூழ்ச்சி உண்டு: பிறந்தபோது நன்கு கேட்ட குழந்தைக்கும் இரண்டு மூன்று வயதில் செவி குன்றலாம். பிறந்த அன்று சோதித்தாயிற்று என்று ஏட்டில் குறித்துவிட்டு இருந்துவிட முடியாது. தட்டம்மையும் இருவழியில் செவியைத் தாக்கும். நடுச்செவியில் சீழ் வைக்கும், சில வேளை உட்செவியையும் கெடுக்கும்.

வளர்ந்தவர்களிடத்தில் இருவகை நிலைகளைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று அக்கி. சின்னம்மை வந்து போன பின் நரம்பு முடிச்சில் பல்லாண்டு உறங்கிக் கிடந்த வைரஸ் மீண்டும் எழுவதே அக்கி. அது செவிமடலிலும் காதின் துவாரத்திலும் கொப்புளமாக வந்து, முகத்தின் ஒரு பக்கம் கோணி, தலை சுற்றி, காதும் மந்தமானால், 1907ஆம் ஆண்டில் ராம்சே ஹன்ட் என்னும் மருத்துவர் விவரித்த நோய் அதுவெனக் கொள்ளலாம். கிராமங்களில் குயவரிடம் சென்று காவி மண்ணால் அக்கி எழுதிக்கொள்வது பழைய வழக்கம். எழுதிக்கொள்பவர் மனநிறைவுக்காக எழுதிக்கொள்ளட்டும். ஆனால் அன்றைக்கே மருத்துவமனைக்கும் போகவேண்டும். மற்றொன்று, மூன்று நாட்களுக்குள் ஒரு செவி திடீரென மந்தமாகும் நிலை. இதில் பெரும்பாலோரிடம் காரணம் திட்டமாகக் கிடைப்பதில்லை. வைரஸ் மீது ஐயம் உண்டு. காரணம் எதுவாயினும் ஸ்டீராய்டு மருந்தை விரைவில், கூடுமானால் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவது வழக்கம். காலம் கடந்தால் பயன் குறைகிறது. காதில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருப்பதில் அந்த இரண்டு வாரமும் கழிந்துவிடுகிறது. நெற்றியின் நடுவில் வைத்த இசைக்கவையின் ஒலி கெட்ட காதில் பலமாகக் கேட்டால் அடைப்பு என்றும், நல்ல காதில் பலமாகக் கேட்டால் உட்செவிக் கேடு என்றும் ஐயுறலாம். ஒரு நிமிடச் சோதனை இது. ஆனால் எண்ணெய்க்கும் மருத்துவமனைக்கும் இடையே முடிவு செய்ய உதவுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வைரஸும் செவியைக் கெடுக்கும் என்ற உண்மையை, ஓசையால் கெட்ட தொழிலாளியின் வாயை அடைக்கும் கருவியாக எவரும் கொள்ளலாகாது. கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலை ஆராய்ந்த பழைய கணக்கொன்று, 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிகோசிஸ் இருந்ததெனக் கூறியது. இன்றும் அதனை மருத்துவப் பாடநூல்கள் எடுத்துரைக்கின்றன. நுரையீரலுக்குக் கிடைத்த அத்தகைய கவனம் செவிக்கு எந்நாட்டிலும் பின்னரே கிடைத்தது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1975ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் 85 டெசிபெல்லை எச்சரிக்கை எல்லையாகவும் 90 டெசிபெல்லை ஆபத்து எல்லையாகவும் வகுத்தது. தங்கவயலில் பாறை துளைத்து முதுமை எய்தியவருக்கு இரு செவியும் உயர்ந்த ஒலியில் குன்றியிருந்தால், என்றோ வந்த காய்ச்சலின் மீது பழிபோடுவது நேர்மையன்று. இன்றும் தொழில் நடக்கும் ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டித் தங்கச் சுரங்கம் போன்ற இடங்களில், வேலைக்குச் சேரும் நாளிலேயே ஒவ்வொரு செவிக்கும் கேள்வரைபடம் எடுத்து வைத்தால் பின்னர் வழக்குக்கு இடமிராது. எல்லாவற்றுக்கும் ஓசை என்பதும், எல்லாவற்றுக்கும் காய்ச்சல் என்பதும் சோதிக்க மனமில்லாதவர் சொல்லும் விடைகளே.

ஆசிரியர்களுக்கு உரிய பொறுப்பு தங்கவயலில் ஒருபடி கூடுதலானது. வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சு, பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ என்று வாழும் ஊர் அது. அத்தகைய வகுப்பில் ஒரு பிள்ளை சொல்வதெழுதுதலில் பிழை செய்தால், மொழி புதிது, போகப் போகச் சரியாகும் என்று ஆசிரியர் எளிதில் எண்ணிவிடுவார். ஒரு செவி கெட்ட பிள்ளையும் அதே பிழைகளைத்தான் செய்யும். அமைதியான அறையில் அதற்கு எல்லாம் கேட்கும். இரைச்சல் உள்ள வகுப்பில் கெட்ட செவிப் பக்கத்திலிருந்து வரும் சொல் விட்டுப்போகும். பெயர் சொல்லி அழைத்தால் குரல் வந்த திசை தெரியாமல் நாற்புறமும் பார்க்கும். பேசுவோர் பக்கம் எப்போதும் ஒரே கன்னத்தைத் திருப்பும். தாய்மொழிப் பாடத்திலும் இத்தகைய தடுமாற்றம் உண்டா என்று பார்த்தால் மொழிக் குறையும் செவிக் குறையும் ஓரளவு பிரிந்துவிடும். பின்னர்ப் பிள்ளையின் பின்னால் இரண்டடித் தொலைவில் நின்று, ஒரு காதின் வாயிலை விரலால் அழுத்தித் தேய்க்கச் செய்து, மறு காதுக்கு மூன்று எண்களை முணுமுணுப்பாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். அவ்வாறே மற்றக் காதுக்கும். தவறினால் செவி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மத்திய அரசு 1965ஆம் ஆண்டில் மைசூரில் நிறுவிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிலையம் கோலாருக்கு எட்டாத தொலைவில் இல்லை. அனுப்பும் வரையிலும் அதன் பின்னரும் நல்ல செவி ஆசிரியரை நோக்கியிருக்குமாறு பிள்ளைக்கு இடம் மாற்றிக் கொடுப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

அரசின் முயற்சிகளில் பாராட்டத்தக்கவை உள்ளன. 1985 முதல் தட்டம்மைத் தடுப்பூசி நாடெங்கும் போடப்படுகிறது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தட்டம்மை, ருபெல்லாக் கூட்டுத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, முதற்கட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில் கர்நாடகமும் தமிழ்நாடும் இருந்தன. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஊசி போடப்பட்டது. ஆனால் அக்கூட்டு ஊசியில் புட்டாளம்மை சேர்க்கப்படவில்லை. மாரிஸ் ஹில்மன் என்னும் அறிவியலார் 1963ஆம் ஆண்டில் தம் மகளின் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸைக் கொண்டு உருவாக்கிய புட்டாளம்மைத் தடுப்பூசி, 1967 முதல் அமெரிக்காவில் வழங்கிவருகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் மூன்று நோய்களுக்குமான கூட்டு ஊசியையே பரிந்துரைக்கிறது. தனியார் மருத்துவமனைக்குச் செல்ல வசதியுள்ளோர் அதைப் போட்டுக்கொள்கின்றனர். லைன் வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டுவதில்லை. புட்டாளம்மையால் சாவோர் மிகச் சிலர் என்பது சேர்க்காமைக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. சாவை மட்டும் எண்ணும் கணக்கில் செவி ஒருபோதும் வராது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இரு செவியிலும் 60 டெசிபெல்லுக்குக் குறையாத இழப்பு இருந்தால்தான் கேட்கும் குறைபாடு என ஏற்கிறது. ஆகவே புட்டாளம்மையால் ஒரு செவி இழந்த பிள்ளை இறந்தோர் பட்டியலிலும் இல்லை, குறையுடையோர் பட்டியலிலும் இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாததால் அந்நோய் இலேசானது என்ற முடிவு வலுப்பெறுகிறது. இவ்வட்டத்தை உடைத்துப் புட்டாளம்மையையும் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ப்பது முறையான செயலாகும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளிச் சிறுவரைச் சோதிக்கும் மருத்துவக் குழுவினர் பார்வையைக் குறிக்கும்போது வலக்கண், இடக்கண் எனத் தனித்தனியே குறிக்கின்றனர். செவிக்கும் வலம், இடம் என இரு கட்டங்கள் வரையலாம். அருகே மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, சென்ற ஓராண்டில் கன்னம் வீங்கியதா, உடலில் தடிப்பு வந்ததா, காய்ச்சலோடு தலை சுற்றியதா என்று தாயைக் கேட்டு அதில் எழுதலாம். கேட்கவேண்டியது தாயை, ஆண்டு முடிவதற்குள் கேட்டால் அவள் நினைவில் அது இருக்கும்.